ரீடு நல்லாத்தான் இருக்கு

போன வாரம் தென்காசியிலிருந்து பஸ்ஸில் எனக்கு ஒரு சின்னப் பொட்டலம் வந்தது. பிரித்தால் உள்ளே ஐந்து கிளாரினெட் ரீடுகள். கூடவே ஒரு சீட்டு. "அண்ணாச்சி, மேல் சுரம் ஒண்ணுமே பேச மாட்டேங்கு. கீச்சு கீச்சுன்னு கத்துது. அஞ்சு ரீடும் மாத்திப் பாத்தாச்சு. இதுல எது நல்ல ரீடுன்னு பாத்துச் சொல்லுங்க." எழுதியவர் அங்கே ஒரு பேண்டு செட்டில் வாசிக்கும் செல்லத்துரை. ஐம்பது வயதுக்காரர், நல்ல வாசிப்பு உள்ளவர். ஆனாலும் பாருங்கள், ஐந்து ரீடு மாற்றியவருக்கு, கோளாறு வேறு எங்கேயாவது இருக்குமோ என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

நான் சங்கரன்கோவிலில் முப்பத்திரண்டு வருஷம் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்து ஓய்ந்தவன். வாசித்ததைவிட, மக்கர் பண்ணுகிற கிளாரினெட்டை வாசிக்க வைத்ததில்தான் எனக்குப் பெயர். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. ராஜபாளையத்திலிருந்தும் தென்காசியிலிருந்தும் ரயிலேறிக் கொண்டு வந்து காட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். வந்தவர்கள் எல்லோரும் சொல்லி வைத்த மாதிரி முதலில் திட்டுவது ரீடைத்தான். இப்போது பிளாஸ்டிக்கில்கூட ரீடு வந்துவிட்டது. அதையும் திட்டுகிறார்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ரீடு என்பது விரல் அகலத்தில் ஒரு நாணல் பட்டை. வாயில் வைக்கிற மவுத்பீஸின் அடியில் அதை வைத்து ஒரு வளையத்தால் இறுக்குவோம். ஊதினால் அது துடிக்கும். அந்தத் துடிப்புதான் சத்தம். அதன் நுனி வெங்காயச் சருகு மாதிரி இருக்கும். அவ்வளவு மெல்லிசான ஒன்றின் தலையில் எந்தப் பழியை வேண்டுமானாலும் போடலாம், அது திருப்பிப் பேசாது.

நான் செட்டில் சேர்ந்தது எழுபத்து மூன்றில். முதல் இரண்டு வருஷத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வாய் வலித்தது, சுண்டுவிரல் வலித்தது, பிறகு பழகிவிட்டது. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் எங்கள் தெரு நாகசுரக்காரரிடம் கொஞ்சநாள் ஊதிப் பார்த்தவன் நான். நாகசுரத்துச் சீவாளியைப் பல் படாமல் இரண்டு உதட்டாலும் கவ்வ வேண்டும். அந்தப் பழக்கத்தில் கிளாரினெட்டையும் அப்படியே கவ்வினேன். மாஸ்டருக்கு அது ஆகவே ஆகாது. "இது நாயனம் இல்லடே. மேல்பல்லை மவுத்பீஸ் மேல வையி. பல்லு ஊணாம சுரம் நிக்காது" என்று இரண்டு வருஷம் ஏசித்தான் என் வாயை மாற்றினார்.

மாஸ்டர் பெயர் ஞானமுத்து. ஒல்லியான ஆள், தொங்கு மீசை. சித்திரை வெயிலிலும் வெள்ளைச் சட்டையைக் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருப்பார். ஏசினாலும் சத்தம் போட மாட்டார், பக்கத்தில் வந்து காதோடு ஏசுவார். அவருக்கு ஒரு கொள்கை உண்டு. கலியாண வீட்டில் வைத்து யாரையும் "தப்பா வாசிச்சே" என்று சொல்லக் கூடாது, செட்டுக்குக் கெட்ட பேர். அதனால் எல்லாக் குற்றத்துக்கும் அவரிடம் ஒரே வார்த்தைதான்: "ரீடைப் பாரு." சுதி இறங்கினாலும் ரீடைப் பாரு, ஒருத்தன் பாதிப் பாட்டில் வேறு பாட்டுக்குப் போய்விட்டாலும் ரீடைப் பாரு. பெரிய டிரம் அடிக்கிற சுடலைமுத்து அடி தவறினால்கூட, "சுடலை, ரீடைப் பாரு" என்பார். டிரம்முக்கு ஏது ரீடு? ஆனால் சுடலைமுத்துவும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு குனிந்து டிரம்மின் கயிற்றைத் தடவிப் பார்ப்பார். கலியாண வீட்டார் ஏதோ கருவிச் சமாச்சாரம் என்று இருந்துவிடுவார்கள்.

அதற்கு மேலே ஒரு கட்டம் உண்டு. ஊர்வலம் முடிந்ததும் மாஸ்டர் உள்ளங்கையை நீட்டுவார். தப்புச் செய்தவன் தன் ரீடைக் கழற்றி அதில் வைக்க வேண்டும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து நுனியைப் பார்ப்பார். கைக்குட்டையில் சுற்றி வைத்திருக்கும் கண்ணாடித் துண்டை எடுத்து, அதன்மேல் ரீடை வைத்து ஆடுகிறதா என்று பார்ப்பார். திருப்பிக் கொடுக்கும்போது "இதை மாத்து" என்றால் பிழைத்தோம். "ரீடு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டால் தொலைந்தோம். கோளாறு உன்னிடம்தான் என்று அர்த்தம். மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். அந்த மூன்று வார்த்தைக்குப் பயந்த மாதிரி நாங்கள் போலீசுக்குக்கூடப் பயந்தது கிடையாது.

எனக்கு அது முதன்முதலில் விழுந்தது எழுபத்தாறு வாக்கில். மூன்று நாளாக மேல் சுரம் போச்சு. கீழே கணீரென்று பேசுகிற கருவி, மேலே போனால் தொண்டை கட்டினதுபோல் நிற்கும். நான் ரீடை மாற்றினேன். உப்புத்தாளில் தேய்த்தேன். நுனிமேல் ஐம்பது பைசாவை வைத்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைத் தீக்குச்சியால் சுட்டுக் குறைத்தேன். அப்போது நுனி வெட்ட எங்களுக்குத் தெரிந்த வழி அதுதான். ஒன்றும் நடக்கவில்லை. மாஸ்டர் ரீடை வாங்கிப் பார்த்துவிட்டு அந்த மூன்று வார்த்தையைச் சொன்னார்.

காலையில் போனேன். அவர் ரீடைத் தொடவே இல்லை.

"எங்கன வச்சுடே பழகுதே?"

"அப்பா வேலை பாக்குத தறிக்கூடத்துல, மாஸ்டர்."

"தறி ஓடுத நேரத்திலயா?"

"ஆமா மாஸ்டர். அந்தச் சத்தத்துல நான் ஊதுறது யாருக்கும் தொந்தரவு இல்லைலா."

கிளாரினெட்டின் முதுகுப் பக்கத்தில் இடது கட்டைவிரலுக்கு ஒரு சாவி உண்டு. அதைத் திறந்தால்தான் சுரம் மேலே ஏறும். அதன் துளை ஈர்க்குச்சி நுழைகிற அளவுதான். மாஸ்டர் அந்தச் சாவியைக் கழற்றி, தென்னை ஈர்க்கு ஒன்றை உள்ளே விட்டுத் தள்ளினார். அரிசி மணி அளவுக்குப் பஞ்சு வந்து விழுந்தது. விசைத்தறிக்கூடத்துப் பஞ்சுத் தூசி, எச்சிலோடு சேர்ந்து இறுகிப் போயிருந்தது. "ஊதிப் பாரு" என்றார். ஊதினேன், மேல் சுரம் தண்ணீராய் வந்தது. "ரீடுக்கு வாய் இருந்தா உன்னை நாறடிச்சிருக்கும், போ" என்றார்.

அன்றிலிருந்து என் வரிசை மாறவே இல்லை. மேல் சுரம் வரவில்லையா, முதலில் கட்டைவிரல் சாவியும் அதன் துளையும். அடுத்தது பஞ்சு வைத்த மூடிகள் எல்லாம் ஒழுங்காக அடைக்கின்றனவா என்று சிகரெட் தாளைக் கொடுத்து இழுத்துப் பார்ப்பது. பிறகு எல்லாத் துளையையும் மூடிக்கொண்டு காற்றை உறிஞ்சுவது, பிடித்து நின்றால் ஒழுகல் இல்லை. அதற்கப்புறம்தான் ரீடு. அதிலும் முதலில் வைத்திருக்கிற இடம்: நுனிக்கு மேலே மவுத்பீஸின் விளிம்பு ஒரு தலைமுடி அளவு தெரிய வேண்டும். ரீடு கனமாக இருந்தால் காற்று இரையும், மெலிந்திருந்தால் மேலே போகும்போது வாயை மூடிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஆள். ஆளைப் பார்ப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டம்.

நடுவே புளியங்குடியில் ஒரு கூத்து நடந்தது. எலுமிச்சை கமிஷன் கடை சண்முகையா முதலாளியின் புதுக்கடைத் திறப்பு. எங்களைக் கொண்டுபோய் மலைபோலக் குவித்திருந்த எலுமிச்சம்பழத்துக்கு எதிரே நிறுத்திவிட்டார்கள். ஒரு ஆள் திருஷ்டி கழிக்கப் பழத்தை வரிசையாக நறுக்க ஆரம்பித்தான். பார்த்துக்கொண்டே ஊதினால் வாயில் எச்சில் ஊறாமல் என்ன செய்யும்? மூன்று கிளாரினெட்டும் சோறு கொதிக்கிற சத்தம் போட்டன. மாஸ்டர் கையைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். செட்டு முழுக்கக் கடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று வாசித்தது. முதலாளி ஓடி வந்து, "என்ன மாஸ்டர், என் கடை பிடிக்கலையோ?" என்றார். "ரீடைப் பாக்கோம் முதலாளி" என்றார் மாஸ்டர். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். அவருடைய கலியாணத்துக்கே கிளாரினெட் வாசித்தவர் மாஸ்டர்தான். அந்தப் பழக்கம்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம். எண்பத்தொன்று. ஆடியில் கலியாணம் கிடையாது என்பதால் மாஸ்டர் மகள் வீட்டுக்கு என்று திருநெல்வேலிக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தார். ஆவணி முகூர்த்தத்தில் முதல் ஊர்வலம், அவருடைய மேல் சுரம் கீச்சென்றது. அவர் நின்று ரீடைப் பார்த்தார், மாற்றினார். அடுத்த கலியாணத்திலும் அதே கதை. மூன்றாவது கலியாணத்திலிருந்து நான் என் பாட்டுக்கு அவருடைய மேல் பகுதியை வாசித்தேன், அவர் கீழே இறங்கிக்கொண்டார். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஐப்பசி முடியும்வரை இப்படியே ஓடியது. தெருவில் யாருக்கும் தெரியாது, செட்டில் எல்லோருக்கும் தெரியும்.

கார்த்திகையில் சண்முகையா முதலாளி எங்கள் செட்டு அறைக்கே வந்தார். மூத்த மகளுக்குத் தை மாதம் கலியாணம். "மாஸ்டர், எங்க கலியாணத்துல பந்தல் முன்னால நின்னு ஒரு பாட்டு வாசிச்சிய பாத்தியளா, அதே பாட்டு. நீங்க மட்டும் தனியா. வேற ஒரு சத்தம் கேக்கக் கூடாது. என் வீட்டுக்காரி இத்தனை வருஷமா அதையே சொல்லிக்கிட்டு இருக்கா." தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து மாஸ்டரின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பாட்டின் கடைசி அடி உச்சிக்குப் போய் அங்கேயே நிற்கும். நான் ஒளிந்து வாசிக்க அங்கே இடம் இல்லை. அந்தச் சுரம் புளியங்குடித் தெருவில் உடைந்தால் மாஸ்டர் அதோடு கிளாரினெட்டைத் தொட மாட்டார், அவருடைய குணம் எங்களுக்குத் தெரியும்.

முதலாளி போனதும் மாஸ்டர் தன் கிளாரினெட் பெட்டியோடு பன்னிரண்டு ரீடுகளை என் முன்னால் வைத்தார். "எல்லாத்தையும் பாருடே. ஒண்ணாவது உருப்படியா இருக்கும்" என்றார். முகத்தைப் பார்க்கவில்லை.

என் வரிசைப்படி போனேன். சாவி சுத்தம், துளை சுத்தம். மூடிகளில் தாள் இறுக்கமாகப் பிடித்தது. உறிஞ்சினேன், காற்று நின்றது. அவருடைய ரீடைப் போட்டு நானே ஊதினேன், உச்சிச் சுரம் ஊசிபோல வந்தது. பன்னிரண்டில் ஏழு அருமையான ரீடுகள். அப்புறம்தான் மவுத்பீஸைத் திருப்பிப் பார்த்தேன். அதன் மேல்பக்கம், வருஷக்கணக்காய் மேல்பல் ஊன்றி ஊன்றி இரண்டு குழி விழுந்திருக்கும். எங்கள் எல்லோருடைய மவுத்பீஸிலும் அப்படித்தான், அந்த இடம் எப்போதும் பளபளவென்று இருக்கும். மாஸ்டருடைய குழிகளில் சாம்பல் நிறத்தில் தூசி படிந்திருந்தது. ஓரத்தில் ஒரு பக்கமாகப் புதுக் கீறல்கள். அந்த இடத்தில் பல் ஊன்றி மூன்று மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது என்று தெரிந்தது.

ரீடில் கோளாறு இல்லை என்று மாஸ்டரிடம் சொல்லப் போவதாகச் சுடலைமுத்துவிடம் மட்டும் சொன்னேன். "உமக்கு என்ன கோட்டியா வே?" என்றார். "ரீடு எல்லாம் சரியில்லன்னு சொல்லிட்டுப் பேசாம இரும். மாஸ்டர் தானா ஒதுங்கிருவாரு. புளியங்குடியில நீரு நின்னு வாசியும். செட்டே உம்ம கைக்கு வரும்லா."

ஆசை வரவில்லை என்று சொன்னால் பொய். அன்று முழுக்க மனதுக்குள் நான் புளியங்குடிப் பந்தலில் நின்று வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் ரீடு நன்றாக இருக்கிறது என்று தெரிந்தபின் சரியில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தொழில்காரன் பொய் சொல்லக் கூடாத இடம் ஒன்று உண்டு, எனக்கு அது அதுதான்.

மறுநாள் சாயங்காலம் பெட்டியை அவரிடம் கொடுத்தேன். "மாஸ்டர்... ரீடு நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

மாஸ்டர் என்னையே பார்த்தார். பெட்டியை எடுத்து சைக்கிளில் வைத்துக்கொண்டு போய்விட்டார். நான் அன்று சாப்பிடவில்லை. "ஒரு வார்த்தையில அந்த மனுஷனைக் கொன்னுட்டேனே" என்று என் மனைவி பாக்கியத்திடம் புலம்பினேன்.

விடிந்தது. பாக்கியம் வாசல் தெளிக்கப் போனவள் வாளியோடு திரும்பி ஓடி வந்தாள். "ஏங்க, மாஸ்டர் வாசல்ல நிக்காவ!" மணி பார்த்தேன். சரியாக ஆறு.

அவர் வகுத்த சட்டம். அவருக்கே அது விழுந்தது, அவரே வந்து நின்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே வந்து உட்கார்ந்தவர், வாய்க்குள் விரலை விட்டு மேல்பல் ஆறையும் கழற்றிக் கைக்குட்டையில் வைத்தார். தொங்கு மீசைக்குக் கீழே உதடு உள்வாங்கியது.

"ஈறு பழுத்துப் போச்சுடே. திருநெல்வேலியில ஆறையும் பிடுங்கிட்டு இதை மாட்டி விட்டான். கீழே வாசிக்கும்போது ஒண்ணும் தெரியல. மேலே போக அழுத்துனா, தூக்கிக்கிடுது. யார்ட்ட போயிச் சொல்ல?"

"பல்லு வேண்டாம் மாஸ்டர். நாயனம் மாதிரி வையுங்க. மேல் உதட்டை மடிச்சு ஈறு மேல போட்டு, ரெண்டு உதட்டாலயும் கவ்வுங்க."

"அதுக்குத்தானடே உன்னை ரெண்டு வருஷம் ஏசுனேன்?"

"அதான் எனக்கு இன்னும் மறக்கல, மாஸ்டர்" என்றேன். அன்று அவர் முதன்முதலாகப் பல் இல்லாமல் சிரித்தார்.

மார்கழி முழுக்க முகூர்த்தம் இல்லாதது நல்லதாகப் போயிற்று. தினமும் ஆறு மணிக்கு வருவார். உதடு புண்ணாகும், பாக்கியம் வெண்ணெய் கொடுப்பாள். பற்களோடு வாசித்தால் ஒரு நாள் வரும், ஒரு நாள் கீச்சென்னும். கழற்றிவிட்டு வாசித்தால் மூன்றாவது வாரத்திலிருந்து உச்சிச் சுரம் தவறவே இல்லை. ஆனால் அவர் ஒன்றில் பிடிவாதமாக இருந்தார். "பொக்கை வாயோட பந்தல் முன்னால நிக்க மாட்டேன். பல்லோடதான் வாசிப்பேன்." எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை.

தை வந்தது. மாப்பிள்ளை அழைப்பு பந்தலை வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தெரு நிறைய ஜனம். முதலாளியின் மனைவி பட்டுச்சேலையில் முன்னால் வந்து நின்றார். செட்டு நின்றது. மாஸ்டர் மட்டும் ஒரு அடி முன்னால் போனார். முதல் அடிகள் அழகாக வந்தன. அனுபல்லவியில் கொஞ்சம் மேலே ஏறும் இடம், கீச். ஜனத்தில் ஒரு சலசலப்பு.

அப்போது பின்னாலிருந்து சுடலைமுத்து, தெருவே கேட்கும்படி, "மாஸ்டர், ரீடைப் பாருங்க!" என்று ஒரு குரல் கொடுத்தார். என்னை வாசிக்கச் சொன்ன அதே சுடலைமுத்து.

மாஸ்டர் நிறுத்தினார். ஜனத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். நான் ஒன்றும் யோசிக்கவில்லை, உள்ளங்கையை நீட்டினேன். அவர் நீட்டுவாரே, அதே மாதிரி. ஒரு கணம் என் கையையே பார்த்தார். கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு, ஆறு பல்லையும் கழற்றி, கைக்குட்டையோடு என் கையில் வைத்தார். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் திரும்பி, மேல் உதட்டை மடித்து, பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

கடைசி அடியில் உச்சிக்குப் போனார். போய் நின்றார். ஆடவில்லை, பிசிறவில்லை, நின்றது சுரம். முதலாளியின் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். எனக்கும் கண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை வரவில்லை. ஒரு கை பையிலிருந்த பல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

முதலாளி வந்து மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன மாஸ்டர், அன்னைக்கு மாதிரியே இருக்கே! ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிய?" மாஸ்டர் துண்டால் வாயை மறைத்தபடி ரீடைக் கழற்றினார். பந்தல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து நுனியைப் பார்த்தார். முதலாளியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"ரீடு நல்லாத்தான் இருக்கு."

முதலாளிக்கு அது ரீடைப் பற்றிய பேச்சு. செட்டில் இருந்த எங்களுக்கு அப்படி இல்லை. சுடலைமுத்து டிரம்மை ஓங்கி ஒரு அடி அடித்தார், அடுத்த பாட்டு தொடங்கியது. அதற்கப்புறம் ஆறு வருஷம் மாஸ்டர் முன்னால் நின்று வாசித்தார். ஒவ்வொரு கலியாணத்திலும் அவருடைய பற்கள் என் சட்டைப் பையில்தான் இருந்தன.

செல்லத்துரை அனுப்பிய ஐந்து ரீடையும் நேற்று ஊதிப் பார்த்தேன். ஐந்தும் நல்ல ரீடு. இன்று அதே பொட்டலத்தில் வைத்துத் தென்காசி பஸ்ஸில் போட்டுவிட்டேன். உள்ளே ஒரு சீட்டும் வைத்திருக்கிறேன். படித்ததும் அவருக்குக் கோபம் வரும், வரட்டும். "ரீடு நல்லாத்தான் இருக்கு. காலையில் ஆறு மணிக்கு வீட்டுக்கு வாங்க. மவுத்பீஸைக் கழுவாமல் கொண்டு வாங்க."